மண்வெட்டி தூக்கிய ஜனாதிபதி மகன்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் போனால் பழவேற்காடு ஏரி வரும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. முதலாவது எது தெரியுமா? ஒடிசாவில் உள்ள சிலிகா. பழவேற்காடு ஏரிக் கரையில் பல மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் தோணிரேவு. தோணிகள் வந்து நிற்கும் துறை என்று பொருள். ஊர்க்காரர்களுக்கு ஏரியில் மீனும் இறாலும் நண்டும் பிடிப்பது தொழில். பெண்கள் பலர் பனை ஓலையில் அழகழகான கூடைகளும் பெட்டிகளும் முடைகிறார்கள்.

இந்தக் கரைக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே டச்சுக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். கோட்டை கட்டினார்கள். துணி வாங்கிப் போனார்கள். மனிதர்களைக்கூட அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பழவேற்காட்டில் இன்றும் பார்க்கலாம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. பழவேற்காடு பகுதியும் அடி வாங்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு வேறு விதமான வெளிநாட்டார் வந்தார்கள். எதையும் வாங்கிப் போக அல்ல, உதவி செய்ய! பணம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஊர்க்காரர்களோடு சேர்ந்து மண் சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, வீடு கட்ட உதவியவர்களும் உண்டு.

சம்பளம் வாங்காமல் இன்னொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள மக்களோடு சேர்ந்து மண்ணை வெட்டுகிற இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது? ஒரே ஆளைக் கைகாட்டிவிட முடியாது. ஆனால் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம். அவர் நம் நாட்டுக்கும் வந்து மண்வெட்டி பிடித்தவர். பெயர் பியர் செரெசோல். ஊர் சுவிட்சர்லாந்து. கடலே இல்லாத நாடு!

செல்வ வீட்டுப் பிள்ளை

1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி லோசான் நகரத்தில் பியர் பிறந்தார். அப்பா பால் செரெசோல் சாதாரண ஆள் இல்லை. 1873-இல் சுவிட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். அந்த நாட்டில் இது ஒரு வேடிக்கையான ஏற்பாடு. ஏழு பேர் கொண்ட குழுதான் நாட்டை ஆளும். ஆண்டுக்கு ஒருவர் ஜனாதிபதி. அடுத்த ஆண்டு இன்னொருவர்! பால் செரெசோல் ராணுவத்திலும் உயர்ந்த பதவி வகித்தவர். பெரிய குடும்பம், வசதியான வீடு, ஊரெல்லாம் மரியாதை.

பியர் நன்றாகப் படித்தார். ஜூரிக் நகரத்தின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கினார். ஐன்ஸ்டைன் படித்ததும் அதே கல்லூரியில்தான். அவர் பிறந்ததும் அதே 1879-இல்தான்!

பியர் கல்லூரியிலேயே இருந்திருந்தால் பேராசிரியராகி நிம்மதியாகக் காலம் கழித்திருக்கலாம். ஆனால் அவர் மனதை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு நாம் என்ன வேலை செய்தோம்? அப்பா சேர்த்த பணம், குடும்பத்தின் பெயர் எல்லாம் தானாக வந்தவை. தன் கையால் சம்பாதித்தது என்ன?

முப்பது வயதில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா புறப்பட்டார். டாக்டர் பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணறுகளில் தொழிலாளியாக வேலை செய்தார். பிறகு ஹவாய்த் தீவுகள். பிறகு ஜப்பான்; அங்கே பொறியாளர் வேலை. சுமார் ஐந்து ஆண்டுகள் இப்படிச் சுற்றினார். உள்ளங்கை காய்த்துப்போனது. உழைக்கிறவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கூடவே இருந்து பார்த்தார்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. பியர் ஊர் திரும்பினார். வந்ததும் முதல் வேலையாக, அப்பா விட்டுப்போன சொத்தில் தன் பங்கைத் தூக்கி அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார்! தான் உழைத்துச் சம்பாதிக்காத பணம் தனக்கு வேண்டாம் என்பதுதான் காரணம். உறவினர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஜெயிலுக்குப் போன ஜனாதிபதி மகன்

சுவிட்சர்லாந்து அந்தப் போரில் சேரவில்லை. ஆனாலும் அந்த நாட்டு ஆண்கள் அனைவரும் ராணுவத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது சட்டம். உடல்நிலை காரணமாகச் சேர முடியாதவர்கள் அதற்குப் பதிலாக வரி கட்ட வேண்டும். பியர் வரி கட்டுகிற கூட்டத்தில் இருந்தார். வருடா வருடம் கட்டியும் வந்தார்.

1915-இல் ஒரு சம்பவம் நடந்தது. ஜான் போத்ரா என்ற பள்ளி ஆசிரியர், மனிதனை மனிதன் கொல்லும் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவரைச் சிறையில் அடைத்தார்கள். அந்த ஆசிரியருக்குப் பணபலம் இல்லை, பெரிய குடும்பத்தின் பெயரும் இல்லை. இதைக் கேள்விப்பட்ட பியருக்கு வெட்கமாகப் போனது. போர் தவறு என்று தானும் நினைக்கிறோம். ஆனால் ராணுவத்துக்கு வரி மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறோமே!

1917-இல் அந்த வரியைக் கட்ட மறுத்தார். சிறைத் தண்டனை கிடைத்தது. ஜனாதிபதியின் மகன் கம்பிக்குப் பின்னால்! அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஜெயிலுக்குப் போவதும் வருவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஆனால் மறுப்பது மட்டும் போதுமா? இந்த இடத்தில்தான் பியர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். போருக்குப் போகிறவன் பசி, குளிர், உயிர்ப் பயம் எல்லாவற்றையும் தாங்குகிறான். அமைதி வேண்டும் என்கிறவன் வீட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தால் அவன் பேச்சை யார் மதிப்பார்கள்? அமைதிக்காரனும் அதே அளவு கஷ்டப்பட வேண்டும், அதே ஒழுங்கோடு நடக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

'ஏன்' என்ற ஊர்

1918-இல் போர் முடிந்தது. 1920-இல் ஹாலந்து நாட்டின் பில்ட்ஹோவன் என்ற ஊரில், போரை வெறுக்கும் பல நாட்டுக்காரர்கள் கூடினார்கள். நேற்றுவரை எதிரி நாடுகளாக இருந்தவர்கள் ஒரே அறையில்! பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. போரில் இடிந்து கிடக்கும் பிரான்சு நாட்டுக் கிராமங்களுக்குப் போய் வேலை செய்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. பியரும், நிவாரண வேலையில் அனுபவமுள்ள ஹியூபர்ட் பாரிஸ் என்ற இங்கிலாந்துக்காரரும் அதைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் வெர்டனுக்கு அருகில் இருந்தது. 1916-இல் வெர்டனில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் சுமார் பத்து மாதங்கள் மோதின. லட்சக்கணக்கான வீரர்கள் செத்தார்கள். சுற்றிலும் இருந்த கிராமங்கள் பொடிப்பொடியாயின. சில கிராமங்கள் திரும்பக் கட்டப்படவே இல்லை. இவர்கள் போன ஊரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் உச்சரித்தால், நம் காதுக்கு 'ஏன்' என்றுதான் கேட்கும்! அந்த ஊரைப் பார்க்கிற யாருக்கும் அந்தக் கேள்விதான் வந்திருக்கும்.

1920 நவம்பர். கடுங்குளிர். ஒரு சிறிய குழு அங்கே போய் இறங்கியது. சுவிஸ்காரர், இங்கிலாந்துக்காரர் ஆகியோருடன் ஜெர்மன்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆம், எந்த நாட்டின் படை அந்த ஊரை இடித்ததோ, அதே நாட்டிலிருந்து வந்தவர்கள்! குண்டு விழுந்த பள்ளங்களை மூடினார்கள். சாலையைச் சரிசெய்தார்கள். வீடிழந்தவர்களுக்கு மரக் குடிசைகள் போட்டார்கள். மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடந்த காலம் அது. மண்வெட்டியை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் அவர்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்களா? அப்படி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அது அல்ல. அப்பாவை, அண்ணனை, பிள்ளையை இழந்தவர்கள் அவர்கள். ஜெர்மன்காரர் கையால் வரும் உதவியை ஏற்க எல்லோருக்கும் மனம் வரவில்லை. அதிகாரிகளும் முட்டுக்கட்டை போட்டார்கள். 1921 வசந்த காலத்தில், சுமார் ஐந்து மாதங்களிலேயே, அந்தக் குழு கலைந்து வெளியேற வேண்டியதாயிற்று.

பாதி வேலையில் திரும்புவது பெரிய தோல்விதான். அதோடு பியர் விட்டுவிட்டிருந்தால் இன்று இந்தப் பக்கத்தில் அவருடைய கதை வந்திருக்காது. அந்த ஐந்து மாதத்தில் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். ஊரின் காயம் ஆறவில்லை. ஆனால் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குடிசையில் படுத்து, ஒரே பள்ளத்தை மூடிய அந்தச் சில பேருக்குள் பகை தங்க இடமில்லாமல் போனது. வேலை கிராமத்தை மாற்றியதோ இல்லையோ, வேலை செய்தவர்களை மாற்றியிருந்தது.

அண்ணன் தளபதி, தம்பி தொண்டன்

அடுத்து 1924. சுவிட்சர்லாந்திலேயே ஓர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு. மலையிலிருந்து பனியோடு பாறையும் மரமும் சரிந்து வயல்களை மூடிவிட்டன. இந்த முறை வேலையை நடத்தியவர் யார் தெரியுமா? பியரின் சகோதரர் எர்னஸ்ட். அவர் ராணுவத்தில் கர்னல்! ஒருவர் ராணுவ அதிகாரி, இன்னொருவர் ராணுவத்துக்கு வரி கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனவர். இருவரும் சேர்ந்து பாறை பொறுக்கினார்கள். காலையில் குறித்த நேரத்தில் எழுவது, அணியாகப் பிரிந்து வேலைக்குப் போவது போன்ற ராணுவ ஒழுங்கைப் பியர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார். துப்பாக்கியை மட்டும் விட்டுவிட்டார்.

'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற பன்னாட்டுத் தொண்டர் அமைப்பு இப்படித்தான் உருவாயிற்று. வெள்ளமோ சரிவோ எங்கே வந்தாலும் தொண்டர்கள் போனார்கள்.

பெரிய வேலை 1928-இல் வந்தது. சுவிட்சர்லாந்தை ஒட்டி லீக்டன்ஸ்டைன் என்று ஒரு குட்டி நாடு உண்டு. 1927 செப்டம்பரில் ரைன் நதி கரையை உடைத்துக்கொண்டு அந்த நாட்டுக்குள் புகுந்தது. வயல் முழுக்கச் சரளைக் கல்லும் மணலும். அடுத்த ஆண்டு அதை அள்ளி அகற்ற எழுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். மாணவர், ஆசிரியர், தச்சர், குமாஸ்தா என்று எல்லா வகையினரும். மாதக்கணக்கில் தள்ளுவண்டியில் கல் சுமந்தார்கள். மொழி தெரியாத இருவர் ஒரே வண்டியைத் தள்ளும்போது சைகையே மொழி!

பெண்களும் வந்தார்கள். அவர்களைச் சகோதரிகள் என்று அழைத்தார்கள். ஆனால் சமையல், துணி துவைத்தல், கிழிசல் தைத்தல் என்று அந்தப் பழைய வேலைகளையே அவர்களுக்குக் கொடுத்தார்கள். உலகத்தையே மாற்ற நினைத்தவர்களுக்குக்கூட இது அப்போது உறுத்தவில்லை பாருங்கள்! தோணிரேவின் அக்காக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

1931 டிசம்பரில் காந்தியடிகள் லண்டன் வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்துக்கு வந்தார். எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். லோசானிலும் ஜெனீவாவிலும் கூட்டங்களில் பேசினார். பியர் அவரைச் சந்தித்தார். ஆயுதம் எடுக்காமல் போராட முடியும் என்று தன் சின்ன நாட்டில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அதையே கோடிக்கணக்கான மக்களோடு செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும்!

பூமி பிளந்த பீகார்

1934 ஜனவரி 15. பிற்பகல் இரண்டு மணி தாண்டிய நேரம். நேபாளத்திலும் வட பீகாரிலும் பூமி பயங்கரமாகக் குலுங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் சரிந்தன. கிராமங்களில் இன்னொரு விபரீதமும் நடந்தது. நிலம் பிளந்து, உள்ளிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டன. நெல்லும் கரும்பும் விளைந்த வயல்கள் மணல்காடாயின. கிணறுகள் தூர்ந்தன. பல இடங்களில் நிலமே தாழ்ந்துபோனது. அதனால் மழைக்காலத்தில் வெள்ளம் முன்பு வராத ஊருக்கெல்லாம் வந்து நின்றது.

அப்போது ராஜேந்திர பிரசாத் சிறையில் இருந்தார். பிற்காலத்தில் நம் நாட்டின் முதல் ஜனாதிபதியான அதே ராஜேந்திர பிரசாத்தான். நிலநடுக்கம் நடந்த இரண்டாம் நாள் அவரை விடுவித்தார்கள். அவர் தலைமையில் நிவாரணக் குழு வேலையைத் தொடங்கியது. அதன் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டவர் நம் தஞ்சாவூர்க்காரர், ஜே.சி.குமரப்பா. மனிதர் கறார் என்றால் அப்படி ஒரு கறார்! தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு தொகையை வரம்பாக வைத்திருந்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் பீகார் வந்தபோது, அவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகள் கோபிக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் செய்தி கேட்ட பியருக்கு 54 வயது. கிளம்பிவிட்டார். கப்பலில் இந்தியா வந்து, காந்தியடிகளையும் ராஜேந்திர பிரசாத்தையும் பார்த்தார். இடிந்த ஊர்களைச் சுற்றினார். பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பித் துணைக்கு ஆள் சேர்த்தார். ஜோ வில்கின்சன், ஃபிரேசர் ஹாய்லண்ட் என்ற இங்கிலாந்துக்காரர்களும், பால் ஷெங்கர் என்ற சுவிஸ்காரரும் அந்தப் பணியில் சேர்ந்தார்கள். மொத்தமே நான்கு பேர்!

முசாபர்பூர் மாவட்டத்தில், வெள்ளத்தில் மூழ்கும் ஊர்களை மேட்டு நிலத்துக்கு மாற்றும் வேலையில் இறங்கினார்கள். அப்படிப் பிறந்த ஒரு புதிய ஊருக்குச் சாந்திபூர் என்று பெயர். அமைதியின் ஊர்.

ஓர் ஊரை இடம் மாற்றுவது லேசான காரியமா? சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. அலையை விட்டுத் தள்ளிப் போனால் பாதுகாப்பு. ஆனால் படகை விட்டுத் தள்ளிப் போனால் பிழைப்பு? பீகார் விவசாயிக்கும் அதே தவிப்பு. வெள்ளம் வருகிற இடத்தில்தான் அவருடைய வயல் இருந்தது.

பியருக்கு இங்கே ஒரு புதுச் சோதனை. பிரான்சில் போருக்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மண்வெட்டிக்கும் மதிப்பு இருந்தது. பீகாரில் அப்படியா? கூலி வேலை கிடைத்தால் போதும் என்று ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தார்கள். அந்த வெயிலில் ஒரு பீகார் விவசாயி வெட்டுகிற மண்ணில் பாதியைக்கூட ஐம்பத்தைந்து வயது சுவிஸ்காரர் ஒருவரால் வெட்ட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால், அவருடைய கப்பல் கட்டணத்துக்கு எத்தனையோ பேருக்குக் கூலி கொடுத்திருக்கலாம்!

இந்தக் கேள்வி நியாயமானதுதான். வெளியூருக்குத் தொண்டு செய்யப் போகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியதும்கூட. அப்படியானால் பியர் வந்ததில் என்ன பயன்?

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேய அரசு ஒரு பக்கம் நிவாரணம் செய்தது. காங்கிரஸ்காரர்கள் இன்னொரு பக்கம் செய்தார்கள். சத்தியாக்கிரகமும் சிறையும் நடந்துகொண்டிருந்த காலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது. பியர் இரண்டு பக்கமும் போனார். காலையில் வெள்ளைக்கார அதிகாரியின் அலுவலகத்துக்கும், மாலையில் கதர் கட்டியவர்களின் அலுவலகத்துக்கும் போகக்கூடிய ஆள் அவர். எந்த ரகசியமும் வைத்துக்கொள்ளாததால் இரு தரப்பும் அவரை நம்பின. நிலம், பணம், பொருள் எல்லாம் இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் ஒரு புது ஊர் எழும்ப முடியும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரர் என்றால் குதிரை மேல் வருவார், ஆணையிடுவார், வரி கேட்பார் என்றே அந்தக் கிராமத்துக்காரர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள். இங்கே ஒரு வெள்ளைக்காரர் வியர்வை வழிய மண் கூடை தூக்குகிறார்!

தூக்கியவரும் கற்றுக்கொண்டார். திட்டத்தைக் காகிதத்தில் வரைவது பொறியாளருக்குச் சுலபம். ஆனால் ஊருக்குள் எழுதப்படாத ஏற்பாடுகள் எத்தனையோ இருக்கும். பழவேற்காடு ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதை முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு ஏரியும் வலையும்தான் தெரியும், பாடு தெரியாது. ஊர்க்காரரைக் கேட்டால்தான் தெரியும். பீகாரின் கிராமங்களும் அப்படித்தான். அவசரப்படாமல் கேட்டுச் செய்தால்தான் வேலை நடக்கும்.

1934-க்கும் 1937-க்கும் இடையில் மூன்று முறை பியர் பீகாரில் தங்கினார். அந்த நாட்களில் இந்தியாவின் சமயங்களைப் பற்றியும் நிறைய யோசித்தார். உண்மை ஒரே மதத்தின் பெட்டிக்குள் மட்டும் பூட்டிக் கிடக்கிறது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1936-இல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். இவர்களின் வழிபாட்டில் பெரும்பாலும் பிரசங்கம் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். போரில் கலந்துகொள்வதில்லை என்பது அவர்களின் பழைய உறுதி.

மீண்டும் போர், மீண்டும் சிறை

பியர் ஊர் திரும்பிய பிறகு, 1939-இல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. இருபது ஆண்டுகளாக அவர் தடுக்க நினைத்தது, முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றது. வயது அறுபது. இதயம் பலவீனம். வேறு யாராக இருந்தாலும் மனம் ஒடிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சுவிட்சர்லாந்தில் இரவு நேரத்தில் எல்லா வீடுகளும் விளக்கை மறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பியர் மறைக்கவில்லை. சிறை. 1942-இல் அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டி ஹிட்லரின் ஜெர்மனிக்குள் நடந்து போனார்! ஜெர்மானியர்களிடம் நேரில் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே வந்ததும் மீண்டும் சிறை. 1944-இல் இரண்டாம் முறையும் போனார். மறுபடியும் அதே கதை.

ஒரு கிழவர் எல்லை தாண்டிப் போய்ப் பேசினால் ஹிட்லரின் போர் நின்றுவிடுமா? நிற்காதுதான். அவருடைய நண்பர்களிலேயே பலர் இதைப் புரிந்துகொள்ளவில்லை. மண்வெட்டி பிடித்த பியர் எனக்குப் பிடிக்கும். இந்தப் பியரைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஆள்தான்.

1941-இல், 62 வயதாகும் நேரத்தில், லீஸ் டேவிட் என்பவரை மணந்துகொண்டார். அந்த இல்லற வாழ்வு நான்கு ஆண்டுகள்தான் நீடித்தது. போர் முடிந்த சில மாதங்களில், 1945 அக்டோபர் 23-ஆம் தேதி, பியர் செரெசோல் காலமானார்.

அவர் தொடங்கிய அமைப்பு நிற்கவில்லை. இந்தியப் பிரிவினையால் வீடிழந்த அகதிகளுக்கு டெல்லி அருகே ஃபரிதாபாத்தில் புது ஊர் எழும்பியபோது, 1950-இல் அதன் தொண்டர்கள் அங்கே வந்து வேலை செய்தார்கள். இந்தியாவிலும் அதற்குக் கிளை அமைந்தது.

பியரின் ஒரு கோரிக்கை மட்டும் நிறைவேறாமலே இருந்தது. துப்பாக்கி பிடிக்க மனமில்லாத சுவிஸ் இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், அதற்குப் பதிலாக நாட்டுக்குப் பயன்படும் வேலை கொடுங்கள் என்பதே அது. 1923-இல் பல்லாயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்ட மனு அரசிடம் போனது. அரசு ஏற்கவில்லை. அதன் பிறகும் பல தலைமுறை இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1996 அக்டோபர் 1-ஆம் தேதி அந்தச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ராணுவத்துக்குப் போக மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் காடுகளிலும் வேலைக்குப் போனார்கள்.